சுவரில் இருந்தபோது பெயர் இல்லை

2025ஆம் வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி. காலை டிபன் வேலையை முடித்துவிட்டு எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். பட்ஜெட்! என் கணவருக்கு வருமான வரி எவ்வளவு குறையும் என்று கவலை. எனக்கும் என் மாமியாருக்கும் நிதி அமைச்சர் என்ன புடவை கட்டிக்கொண்டு வருகிறார் என்று கவலை. சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஏம்மா, வெள்ளைப் புடவையிலே மீன் மீனா இருக்கே, அது எந்த ஊர் வேலை?" என்று மாமியார் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலைச் செய்தியில்தான் விவரம் வந்தது. பீகார் மாநிலம் மதுபனியைச் சேர்ந்த துலாரி தேவி என்ற ஓவியர் நிர்மலா சீதாராமனுக்குப் பரிசாகக் கொடுத்த புடவையாம். பட்ஜெட் அன்று கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாராம். 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய துலாரி தேவி, ஒரு காலத்தில் வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிப் பிழைத்தவராம்.

பத்மஸ்ரீயை விட, பாத்திரம் தேய்த்தவர் என்பதுதான் என் மனசில் ஒட்டிக்கொண்டது. எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு படிப்பை நிறுத்திய எனக்குச் சித்திரக்கலை பற்றி என்ன தெரியும்? ஆனாலும் விடாமல் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது ஏதோ வடநாட்டுச் சமாச்சாரம் இல்லை, நம் வீட்டு வாசல் சமாச்சாரம் என்று புரிந்தது.

அங்கேயும் அரிசி மாவுதான்

மிதிலை என்றால் நமக்கு ஜனக மகாராஜா ஊர், சீதை பிறந்த ஊர். இன்றைய வடக்கு பீகாரிலும், எல்லை தாண்டி நேபாளத்திலும் அந்தப் பகுதி இருக்கிறது. அங்கே பெண்கள் அரிசியை அரைத்துக் கரைத்து, விரலால் தரையில் இழுத்துக் கோலம் போடுவார்கள். அதற்கு 'அரிபன்' என்று பெயர். நாம் வெள்ளிக்கிழமை போடும் மாக்கோலமேதான்!

தரையோடு நிற்காமல் சுவரிலும் வரைவார்கள். கல்யாணம் ஆன தம்பதி முதல் சில இரவுகள் தங்கும் அறைக்குக் 'கோஹ்பர்' என்று பெயர். அந்த அறைச் சுவரில் தாமரை, மூங்கில், மீன், கிளி, ஆமை, சூரிய சந்திரர் எல்லாம் இருக்கும். வம்சம் தழைக்க வேண்டும் என்ற வேண்டுதல். விளக்குக் கரியில் கறுப்பு, மஞ்சளில் மஞ்சள், பூவிலும் இலையிலும் மற்ற நிறங்கள். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினால் தூரிகை ரெடி.

அம்மா சொல்லிப் பெண்ணும், மாமியார் சொல்லி மருமகளும் வரைந்தார்கள். கல்யாணம் முடிந்து, மழை வந்து, மண்சுவர் உதிர்ந்தால் படமும் உதிர்ந்துவிடும். அடுத்த கல்யாணத்துக்கு வேறு படம். யார் வரைந்தது என்று யாரும் கேட்டதில்லை. நம் வாசல் கோலத்தை மதியத்துக்குள் கால்கள் அழித்துவிடுவதில்லையா, அந்த மாதிரி.

வெளி உலகத்துக்கு இது தெரிய வந்ததே ஒரு கஷ்ட காலத்தில்தான். 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். சேதம் பார்க்க வந்த ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி, இடிந்த வீடுகளின் உள்சுவர்களில் இந்தப் படங்களைப் பார்த்து அசந்துபோனார், போட்டோ எடுத்தார், பிற்பாடு 1949இல் கட்டுரையும் எழுதினார்.

அடுத்தது 1966-67 வறட்சி. விளைச்சல் இல்லை, வீட்டில் தானியம் இல்லை. அப்போது கைவினைத் துறையில் பொறுப்பில் இருந்த புபுல் ஜயகர், பம்பாய் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியைக் காகிதத்தோடு அந்த ஊர்களுக்கு அனுப்பினார். சுவரில் வரைவதைக் காகிதத்தில் வரையுங்கள், நாங்கள் விற்றுத் தருகிறோம் என்றார்கள். வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பெண்கள், பிள்ளைகளின் பசிக்காகக் காகிதத்தைக் கையில் எடுத்தார்கள்.

சுவரிலிருந்து காகிதத்துக்கு வந்ததும் ஒரு விஷயம் மாறியது. கீழே ஒரு பெயர் வந்தது.

பெயர் வந்த பெண்கள்

சீதா தேவி, ஜகதம்பா தேவி, கங்கா தேவி, பௌவா தேவி, மகாசுந்தரி தேவி... இப்படிப் பெயர்கள் வெளியே தெரிந்தன. 1975இல் ஜகதம்பா தேவிக்கும், 1981இல் சீதா தேவிக்கும், 1984இல் கங்கா தேவிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பௌவா தேவி 1989இல் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சிக்கே போய் வந்தார்.

கங்கா தேவி கதையைப் படித்தபோது அடுப்பில் பால் பொங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. குழந்தை நிலைக்கவில்லை என்று அவருடைய கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். சொந்த வீட்டிலேயே வேண்டாதவர் ஆனார். அந்த நிலைமையில்தான் அவருக்குப் படம் கைகொடுத்தது. மெல்லிய கோடுகளாலேயே நிரப்புவது அவர் பாணி. மனுஷ வாழ்க்கையைப் பிறப்பு, சடங்கு, கல்யாணம் என்று வரிசையாக வரைந்தார். அமெரிக்கா போனபோது, தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களையும் அதே கோடுகளில் வரைந்தார்! மிதிலைப் பெண் என்றால் கிருஷ்ணரையும் தாமரையையும் மட்டும்தான் வரைய வேண்டுமா என்ன? பார்த்ததை எல்லாம் தன் கையெழுத்தில் எழுதுவதுபோல் வரைந்தார்.

பிறகு புற்றுநோய் வந்தது. டில்லியில் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி அனுபவங்களையும் படங்களாக்கினார். அந்த உடம்போடு டில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு முழு கோஹ்பர் அறையை வரைந்து கொடுத்தார். 1991இல் காலமானார். அந்த அறை 2015இல் கட்டட வேலையின்போது போய்விட்டது. மண்சுவர் மழையில் கரைவது வேறு. போற்றி வைத்த சுவரே போவது வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்ணம் நிரப்பும் 'பர்னி' பிராமணப் பெண்களுடையது என்றும், கோடுகளால் நிரப்பும் 'கச்னி' காயஸ்தப் பெண்களுடையது என்றும் ஜாதிப் பிரிவினை இருந்தது. தாழ்த்தப்பட்ட துஸாத் வகுப்புப் பெண்களோ, 1970களில் எரிகா மோசர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் தந்த ஊக்கத்தில், தங்கள் கையிலும் காலிலும் குத்தியிருந்த பச்சையைப் பார்த்தே 'கோத்னா' என்ற பாணியை உண்டாக்கினார்கள். தங்கள் குலவீரன் ராஜா சல்ஹேஸ் கதையை வரைந்தார்கள். 2024இல் சாந்தி தேவி பாஸ்வான், சிவன் பாஸ்வான் தம்பதிக்கு இதற்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது.

துலாரி தேவி மீனவர் குலம். சிறு வயதில் கல்யாணம், பிறந்த குழந்தையும் தவறிவிட்டது, தாய்வீட்டுக்கே திரும்பி வந்தார். வேலை பார்த்த வீடு மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி என்ற ஓவியர்களின் வீடு. அங்கே பார்த்துப் பார்த்துக் கற்றார். தன் ஜனங்களின் மீன்பிடிப்பையும் வயலையும் வரைந்தார். அவருடைய வாழ்க்கைக் கதையைப் படங்களோடு புத்தகமாகப் போட்டது நம் சென்னையில் உள்ள தாரா பதிப்பகம் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சின்னப் பெருமை.

கண்காட்சியில் நடந்தது

இவ்வளவும் படித்த ஜோரில், சென்னையில் ஒரு கைவினைப் பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். மதுபனிப் பெண்மணி ஒருவர் கடை போட்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் மத்யமா வரை படித்து மறந்துபோன ஹிந்தியில் கேட்க, அவர் மைதிலி கலந்த ஹிந்தியில் பதில் சொல்ல, ஒருவாறு பேச்சு ஓடியது.

ஒரு படம். பாதி செய்தித்தாள் அளவு. இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் என்றார். பழக்க தோஷம், "ஆயிரத்துக்குக் கொடுங்களேன்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சமையல் முடித்து, குழந்தைகளைத் தூங்க வைத்து, ராத்திரியில் பத்து நாள் வரைந்ததாகச் சொன்னார். மெல்லிய கோடு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார். புடவைக்குப் பின் வாங்குகிற கடையில் பேரம் பேசுவதுபோல் பேசிவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவருக்கும் அவர் மாமியாருக்கும் இதில் வாக்குவாதம் உண்டாம். மாமியார் கோஹ்பரையும் சாமிப் படங்களையும்தான் வரைவார். மருமகள் வரதட்சிணையை வரைந்தார். ஸ்கானில் பெண் குழந்தை என்று தெரிந்து கலைப்பதை வரைந்தார். 'மங்களமான கையால் இதையெல்லாம் வரையலாமா?' என்று மாமியார் கேட்டாராம். 'இதுவும் நம் வீட்டுக்குள் நடப்பதுதானே?' என்று இவர் சொன்னாராம். மதுபனியில் இன்று பல இளம் பெண்கள் இப்படி வரைகிறார்கள். பழசை விட்டால் அடையாளம் போய்விடுமோ என்ற பயமும் நியாயம். பழசையே வரைந்துகொண்டிருந்தால் நான் எங்கே என்ற கேள்வியும் நியாயம். மாமியாரும் மருமகளும் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து ஆளுக்கொன்று வரைகிறார்களாம். எனக்கு அந்தக் காட்சியே ஒரு படமாகத் தோன்றியது.

பேச்சுவாக்கில், "எங்கள் ஊரிலும் வாசலில் போடுவோம்" என்று சொல்லிவிட்டேன். உடனே ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். ஏழு புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் ஒன்று போட்டேன். கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தேடித் தேடிப் பார்த்தார். பிறகு கீழ் மூலையைக் காட்டி, "பெயர்?" என்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. முப்பது வருஷமாகத் தினமும் கோலம் போடுகிறேன். ஒரு நாளாவது அதன் கீழே பெயர் எழுதலாம் என்று தோன்றியதுண்டா? "இது என் அம்மாவுடையது" என்று சமாளித்தேன். "அப்படியானால் அம்மா பெயரை எழுதுங்கள்" என்றார்.

படத்தைச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது. காரணம் இருக்கிறது.

நான் செய்த தவறு

மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் என் அம்மா நீளக் கணக்கு நோட்டு ஒன்றில் கோலங்கள் போட்டு வைத்திருந்தாள். பென்சிலால் போட்டு, மேலே சிவப்பு மையால் இழுத்து, பக்கத்துக்கு இரண்டாக. கல்யாணம் ஆகி வந்தபோது எனக்குக் கொடுத்தனுப்பினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணில் இருந்த பழைய பேப்பரோடு அதையும் எடைக்குப் போட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை, பிரித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதே பரணில் இருந்த என் பிள்ளையின் டிராயிங் கிளாஸ் நோட்டை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தேன். அது 'ஆர்ட்', இது வெறும் கோலம்!

அம்மாவிடம் சொன்னபோது, "போனால் போகுது, விடு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

கண்காட்சிக்கு மறு வாரம் ஊருக்குப் போனேன். புது நோட்டு ஒன்றைக் கொடுத்து, ஞாபகம் இருப்பதைப் போடும்மா என்றேன். எழுபத்து நான்கு வயது. கை நடுங்குகிறது, ஒரு கண்ணில் புரை. "கோலத்துக்கு யாருடி பேர் எழுதுவாங்க?" என்று சிரித்தாள். ஆனாலும் போட்டாள். இரண்டு நாளில் இருபத்தாறு. சிலதில் மூலை சேரவில்லை. "இதோட முடிவு மறந்துடுச்சு" என்று அப்படியே விட்டுவிட்டாள்.

போடும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள்: இது பாட்டி சொல்லிக் கொடுத்தது, இது எதிர்வீட்டு அக்கா போட்டது... ஒன்றில் மட்டும் நிறுத்தி, "இது நானே யோசிச்சுப் போட்டது. நீ வயித்துல இருந்தப்போ" என்றாள். வருஷா வருஷம் மார்கழியில் எங்கள் வாசலில் பார்த்த கோலம்! அதை அம்மா உண்டாக்கினாள் என்று எனக்கு நாற்பத்தேழு வயதில்தான் தெரிகிறது. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். நான்தான் கேட்டதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பரண் இருக்கும், நோட்டு இருக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். அம்மாவோ மாமியாரோ இருந்தால், கோலமோ பூவேலையோ ஊறுகாய்ப் பக்குவமோ, அவர்கள் கையாலேயே ஒரு நோட்டில் போடச் சொல்லுங்கள். யாரிடம் கற்றது, எந்த ஊர், எந்த வருஷம் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கைவினைக் கடையில் பேரம் பேசுமுன் எத்தனை நாள் வேலை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் மாக்கோல மாவில் கொஞ்சம் கொடுத்து, தரையில் அவர்கள் இஷ்டத்துக்கு இழுக்க விடுங்கள், கழுவினால் போய்விடும்.

அந்த ஒரு கோலத்தின் கீழே மட்டும் அம்மா தன் பெயரை எழுதினாள். எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. அதைக் கண்ணாடி போட்டு, மதுபனிப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன்.