கை நீண்டால் பலம் குறையும்

தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு நம் பெண்மணிகள் ஒரு மைல் தூரங்கூட நடந்துவிடுவார்கள். அதே குடத்தைக் கையை நேரே நீட்டிப் பிடித்தபடி பத்தடி நடக்குமாறு ஒரு பயில்வானைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது அடியில் அவர் பயில்வான் பட்டத்தையே துறந்துவிடுவார். குடத்தின் எடை ஒரு குன்றிமணியளவும் ஏறவில்லை, கைதான் நீண்டது.

வீட்டுக்கு வீடு தெரிந்த இந்த விஷயமே டெலஸ்கோப் கிரேன் என்னும் மாபெரும் யந்திரத்தின் சாஸ்திரத்துக்கு அடிப்படை. இதை மறந்த இடங்களில் மனித உயிர்கள் போயிருக்கின்றன. ஆகையால் இதை யந்திர நிபுணர்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை.

அந்த யந்திரத்தை நேயர்கள் பலர் பார்த்திருப்பார்கள். லாரியைப் போலச் சாலையில் உருண்டு வரும். வேலை நடக்கும் இடத்தில் நின்று, இரு பக்கமும் நான்கு கால்களை நீட்டித் தரையில் ஊன்றிக்கொள்ளும். பிறகு அதன் முதுகில் படுத்திருக்கும் இரும்புக் கை மெல்ல நிமிர்ந்து, பழைய ரேடியோப் பெட்டியின் ஏரியல் கம்பியைப்போல ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக நீண்டுகொண்டே போகும். கடலோடிகள் இழுத்து நீட்டிப் பார்க்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடியைப்போல நீள்வதால்தான் அதற்கு டெலஸ்கோப் என்ற பெயர் அமைந்தது. தொழிலாளர்கள் அந்தக் கையை ‘பூம்’ என்பார்கள்.

அதை நீட்டுவதும் நிமிர்த்துவதும் எண்ணெய். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். ஆங்கிலேயரான ஜோஸப் பிராமா 1795-ல் இதைக்கொண்டு ஒரு நீரழுத்த யந்திரம் செய்தார். 1846-ல் வில்லியம் ஆம்ஸ்டிராங் என்பவர் நியூகாஸில் நகரத்து ஆற்றுத்துறையில், ஊர்க் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தாலேயே கப்பல் சரக்கைத் தூக்கும் கிரேனை நிறுவினார். தண்ணீர் இருந்த இடத்திற்குப் பின்னாளில் எண்ணெய் வந்தது. இன்றைய பெரிய கிரேன்களில் பூமின் உள்ளே ஒரே ஒரு நீண்ட எண்ணெய் உருளை இருக்கும். அது ஒரு பகுதியைத் தள்ளி நீட்டி, அங்கே முளையடித்துப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த பகுதியைத் தள்ளும். ஒரே ஆள் பல பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசலில் கொண்டுபோய் விட்டுவருவதைப் போன்றது அந்த வேலை.

ஜெர்மனியில் ஏஹிங்கன் என்ற ஊரில் கிரேன் செய்யும் லீபெர் கம்பெனியார் 2007-ல் ஒரு பிரம்மாண்டமான கிரேனை வெளியிட்டார்கள். ஒன்பது அச்சுகளின் மேல் ஓடும் அந்த யந்திரத்தின் பூம் 100 மீட்டர் வரை நீளும். அது தூக்கும் பாரம் 1200 டன் என்று எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அந்த 1200 டன், கிரேன் சுழலும் மைய அச்சிலிருந்து இரண்டரை மீட்டர் தூரத்தில் மட்டுமே! அதாவது யந்திரத்தின் மடியிலேயே பாரம் இருந்தால்தான். எட்டிப் போகப் போக அந்த எண் மளமளவென்று இறங்கிவிடும். கவிழாதிருக்கப் பின்புறத்தில் 202 டன் வரை எதிர்ப்பாரம் அடுக்குகிறார்கள். அப்படி அடுக்கியும் கணக்கு அதுதான்.

காரணத்தை நம் பாட்டனார் காலத்து ஏற்றத்திலேயே காணலாம். மிதிப்பவன் அச்சை விட்டு விலகி நடக்க நடக்க, அவன் எடை கூடாமலேயே அவன் பலம் கூடுகிறது, சால் எழும்புகிறது. எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும் என்பதே சூத்திரம். கணக்குக்காக, ஒரு கிரேன் 3 மீட்டர் தூரத்தில் 60 டன் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 180. அதே கிரேன் 18 மீட்டர் எட்டும்போது 180-ஐ 18-ஆல் வகுத்தால் பத்து டன்தான். நீண்டுவிட்ட பூமின் சொந்த எடையும் கவிழ்க்கவே பார்ப்பதால், உண்மையில் பத்துகூட நிற்காது. ஆகவே ‘எத்தனை டன் கிரேன்?’ என்று மட்டும் கேட்பவர் பாதிக் கேள்விதான் கேட்கிறார். ‘எவ்வளவு தூரத்தில்?’ என்பது மற்றப் பாதி.

இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் பல வருஷங்கள் எழுதிய நமக்கே, அதைக் கற்பிக்க ஒரு கிரேன் ஓட்டி வரவேண்டியிருந்தது. நமது பள்ளிக்கூடத்தின் பின்கட்டுக்கு இரும்புக் கூரைச் சட்டங்கள் ஏற்ற வேண்டியிருந்த சமயம். சட்டம் ஒன்று இரண்டு டன். வந்தது நாற்பது டன் கிரேன். முன் மைதானத்தில் நின்றபடியே வகுப்பறைகளுக்கு மேலாகக் கையை நீட்டி வைத்துவிடலாம் என்றார் காண்டிராக்டர். ஓட்டியோ அசையவில்லை. எண்கள் நிறைந்த ஓர் அட்டவணையைப் பிரித்தார். நாடாவைப் பிடித்துத் தூரத்தை அளந்தார்.

“நாற்பது டன் கிரேனுக்கு இரண்டு டன் ஒரு சுமையா அப்பா?” என்றார் காண்டிராக்டர்.

“இவ்வளவு தூரத்துக்கு மூன்று டன்கூட இல்லைங்க. கொக்கியும் கம்பிக் கயிறும் வேறே அதிலேதான் சேரும்” என்று சொன்ன ஓட்டி, நம்மைப் பார்த்து, “சார், இந்த மண்ணுக்கு அடியிலே என்ன இருக்கு?” என்று கேட்டார்.

நமக்குத் தெரியவில்லை. பள்ளியின் வயதான தோட்டக்காரரை அழைத்துக் கேட்டோம். அவர் ஒரு காலை ஊன்றியிருந்த இடத்தருகே சென்று, “இதுதானே பழைய கிணறு! தூர்த்து முப்பது வருஷம் ஆச்சு” என்றார்.

நம் முதுகு சில்லிட்டது. பூம் எந்த மூலைக்கு மேலாகத் திரும்புகிறதோ, அந்த மூலைக் காலின்மேல் பாரத்தின் பெரும் பங்கு இறங்கும். பலகைகளைப் பரப்பினால் அதைப் பகிரலாம். தூர்த்த கிணற்றின்மேல் பலகை என்ன செய்யும்? ஓட்டியின் அறையில் எடையையும் தூரத்தையும் கணக்கிட்டு, அளவு மீறினால் மணியடித்து யந்திரத்தை நிறுத்தும் நுட்பமான கருவி ஒன்று இருந்தது. ஆனால் அதற்குக் கிணறு தெரியாது. தோட்டக்காரருக்குத்தான் தெரிந்தது.

கிரேனைப் பின்பக்கம் கொண்டுவர ஒரு முருங்கை மரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. ஒரு நாள் வாடகையும் வீண். காண்டிராக்டர் முணுமுணுத்தார், நாமும் செலவை எண்ணிச் சற்றே முகம் சுளித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். மறுநாள் சட்டங்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் பூவைப்போல உட்கார்ந்தன. நானூறு பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். அதே பிள்ளைகள் முதல் நாள் மைதானத்தின் ஓரத்தில் நின்றதை நினைத்தபோது, நம்மால் கைதட்ட முடியவில்லை.

எல்லா இடங்களிலும் இப்படி முடிவதில்லை. 2023 ஜனவரி 22-ஆம் தேதி இரவு, ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலியை அடுத்த கீழ்வீதி கிராமத்துக் கோவில் திருவிழாவில், பக்தர்கள் அந்தரத்தில் தொங்கியபடி அம்மனுக்கு மாலை சார்த்தக் கிரேன் ஒன்றை அமர்த்தியிருந்தார்கள். அது ஜனக்கூட்டத்தின் நடுவே சாய்ந்தது, நால்வர் மாண்டனர். அந்தக் கிரேன் தாங்கியிருந்தது இரும்புத் தூண்களை அல்ல, சில மனிதர்களைத்தான். சுமை சிறியது என்பது அபயமாகாது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டுமா?

தூக்கும் யந்திரங்களையும் சங்கிலி, கயிறுகளையும் தகுதியுள்ளவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையேனும் சோதிக்க வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஆனால் வீடு கட்டுகிறவரும், பள்ளிக் கமிட்டியாரும், கோவில் தர்மகர்த்தாவும் கிரேனை அமர்த்தும் காலம் இது. சோதித்த சான்றுச் சீட்டு உண்டா, எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு பாரம், கால் ஊன்றும் மண் எத்தகையது என்ற மூன்று கேள்விகளை அவர்கள் கேட்டால் போதும். ஓட்டி ‘முடியாது’ என்று சொன்னால் அதை அலட்சியமென்று எண்ணி அவரைத் துரிதப்படுத்தாமலிருப்பது அதனினும் பெரிய உபகாரம். தொங்கும் பாரத்தின் கீழே நிற்கிறவன் அநேகமாக அன்றாடக் கூலிக்காரன்; கேள்வி கேட்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை.

நமது பள்ளி மைதானத்தில் இப்போது அந்தப் பழைய கிணற்றைச் சுற்றி நான்கு கற்கள் நட்டிருக்கிறோம். தோட்டக்காரர் சொல்லச் சொல்ல, மாணவர்களே அளந்து நட்டார்கள்.