கரைக்கும் செலவு யார் கணக்கில்?

கொல்கத்தாவின் துர்கா பூஜை ஐந்து நாள் விழா. ஆனால் அதற்கான வரவு செலவுத் திட்டம் ரத யாத்திரையையொட்டியே தொடங்கிவிடுகிறது. குமார்துலியின் சிற்பிகள் அன்று சிலையின் சட்டத்துக்குப் பூஜை செய்வார்கள். அந்த நாட்களில் பூஜைக் குழுவினரும் நம் ஊர்ப் பந்தக்கால் போல ஒரு மூங்கிலை நட்டு வழிபடுவார்கள். சிலைக்கு முன்பணம், பந்தல், விளக்கு, டாக் வாத்தியக்காரர், பிரசாதம் என்று செலவினங்கள் வரிசையாக எழுதப்படும். கடைசி வரி பெரும்பாலும் ஆற்றங்கரை வரையிலான லாரி வாடகை. கரையைத் தாண்டியபின் ஆகும் செலவுக்கு அந்தத் தாளில் இடமில்லை.

சுற்றுச்சூழல் திட்டமிடல் என்பதை நான் இந்த விடுபட்ட வரியிலிருந்தே பார்க்கிறேன். கணக்கு எழுதுபவனின் பார்வை என்று வாசகர்கள் பொறுத்தருள்க.

இவ்விழாவை வெறும் வழிபாடாக மட்டும் கருத இயலாது. பிரிட்டிஷ் கவுன்சில் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று, 2019ஆம் ஆண்டுப் பூஜையைச் சுற்றியிருந்த படைப்புத் தொழில்களின் மதிப்பை 32,377 கோடி ரூபாய் என்று கணித்தது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஓவியர், சிற்பி, மின்கலைஞர், மூங்கில் தச்சர் ஆகிய அனைவருக்கும் வேலை தரும் பூஜைக் குழு, உண்மையில் ஒரு கலை நிறுவனமே.

சிலையின் உடல் இயற்கைக்கு அந்நியமானதன்று. மூங்கில், வைக்கோல், சணல், ஆற்றுமண் ஆகியவை வந்த இடத்துக்கே திரும்புகின்றன. தீங்கு மேற்பூச்சில் இருக்கிறது: ஈயம் கலந்த வண்ணம், வார்னிஷ், தெர்மாகோல், செயற்கை அலங்காரம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் வெளியிட்டு 2020இல் திருத்திய நெறிமுறைகள், இயற்கைக் களிமண்ணையும் நச்சற்ற வண்ணங்களையும் வலியுறுத்துகின்றன. வீட்டுப் பயன்பாட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியும் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிற்பிகளுக்குப் பயிற்சி அளித்து, ஈயமற்ற வண்ணங்களையும் வழங்கியிருக்கிறது. ஆனால் நல்ல வண்ணத்துக்கு விலை கூடுதல். சிலையின் விலையோ மாதக்கணக்கில் முன்னரே பேசி முடிக்கப்படுவது. வண்ணம் எது என்று ஒப்பந்தத்தில் எழுதப்படாதபோது, அந்தக் கூடுதல் தொகை சிற்பியின் கூலியிலிருந்தே போகிறது. எந்தச் சிற்பி அதை விரும்புவார்?

ஆற்றில் நடப்பதும் முன்பு போல் இல்லை. பாபுகாட், நிம்தலா போன்ற முக்கியப் படித்துறைகளில் சிலை நீரைத் தொட்ட சிறிது நேரத்திலேயே கிரேன்கள் சட்டத்தைத் தூக்கிக் கரையில் போடுகின்றன. பூவும் மாலையும் ஆற்றில் விழாமல் தனியே சேகரிக்கப்படுகின்றன. பாராட்டத்தக்க ஏற்பாடுதான். எனினும் கிரேன் வாடகை மாநகராட்சியின் கணக்கில், அதாவது வரி செலுத்துவோர் கணக்கில் ஏறுகிறது.

பந்தல் விஷயத்தில் இந்நகரம் வெகுநாளாகவே சிக்கனம் அறிந்தது. மூங்கிலும் துணியும் வாடகைக்கு வந்து வாடகைக்காரரிடமே திரும்புகின்றன. புகழ்பெற்ற பந்தல்களின் அலங்காரங்களை மாவட்டத்துக் காளி பூஜை, ஜகத்தாத்ரி பூஜைக் குழுக்கள் விலைக்கு வாங்கிச் செல்வதுண்டு. தேர்ந்தெடுத்த சில சிலைகள் கரைக்கப்படாமல் ரவீந்திர சரோவர் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளன. லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் நடந்தே சென்று பார்க்கலாம்.

பணம் தருபவர் நிபந்தனை விதித்தால் நிலைமை விரைந்து மாறும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. இங்கிலாந்தின் கலை மன்றம், தன் நிதியுதவி பெறும் அரங்குகளும் அருங்காட்சியகங்களும் மின்சார, நீர்ப் பயன்பாட்டைக் கணக்கிட்டுச் சுற்றுச்சூழல் திட்டம் தர வேண்டும் என்று 2012இல் ஒப்பந்தத்திலேயே சேர்த்தது. மற்றொன்று கொல்கத்தாவிலேயே நிகழ்ந்தது. மேற்கு வங்க அரசு 2018இல் குழு ஒன்றுக்கு 10,000 ரூபாயாகத் தொடங்கிய உதவித்தொகை, பெருந்தொற்று ஆண்டான 2020இல் 50,000 ரூபாயானது. அதில் 75 விழுக்காட்டை முகக்கவசம், கிருமிநாசினி போன்றவற்றுக்கே செலவிட வேண்டும், ரசீதும் காட்ட வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2025இல் அத்தொகை 1,10,000 ரூபாய். ஈயமற்ற வண்ணத்துக்கும், கரைத்தபின் ஆகும் துப்புரவுக்கும் அதில் ஒரு பங்கை ஒதுக்கி ரசீது கேட்பதற்குப் புதிய சட்டம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. விளம்பரப் பணம் தரும் நிறுவனங்களும், வங்கிகள் உட்பட, பதாகையின் அளவைப் பேசும்போதே இதையும் கேட்கலாம்.

குழுக்கள் தம்மளவில் செய்யக்கூடியது இன்னும் எளிது. குமார்துலியில் முன்பணம் கொடுக்கும் நாளில் வண்ணத்தின் வகையையும் அதற்கான கூடுதல் தொகையையும் சீட்டில் எழுதிக்கொள்ளலாம். தற்காலிக மின் இணைப்புக்கு விண்ணப்பிக்குமுன் எல்.இ.டி. விளக்குகளுக்குத் தேவையான கிலோவாட்டைக் கணக்கிட்டால், கேட்கும் மின்பளுவும் அதற்கான கட்டணமும் குறையும். பந்தலைப் பிரித்தபின் எந்தப் பொருள் யாரிடம் போகும் என்பதை வடிவமைப்பாளரிடம் வரைபட நிலையிலேயே கேட்டு வாங்கலாம். இம்மூன்றும் ரத யாத்திரைக்கும் மகாளயத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் முடிய வேண்டிய வேலைகள். சஷ்டி பிறந்தபின் குழுச் செயலாளரைத் தொலைபேசியில் பிடிப்பதே அரிது.