விடுதியில் ஒரு மாணவருக்குக் காய்ச்சல் வந்தால்...

நான் கல்லூரியில் படித்த காலத்தில் விடுதியில் எங்கள் அறையில் நான்கு பேர் இருந்தோம். ஒருநாள் காலை ஒருவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. "படுத்துக்கொள்" என்றோம். கேட்கவில்லை. "இந்த செமஸ்டர்ல ஏற்கனவே அட்டெண்டன்ஸ் குறைவு. சர்டிபிகேட் இல்லாம லீவு போட்டா பரீட்சை எழுத விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். அந்த வாரம் முடிவதற்குள் மற்ற மூன்று பேரும் படுத்துவிட்டோம்.

அது சாதாரணக் காய்ச்சல். நான்கைந்து நாட்களில் எழுந்துவிட்டோம். ஆனால் அந்த நண்பரை இன்றும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. படுத்திருக்க வேண்டியவரை எழுப்பி வகுப்புக்கு அனுப்பியது கல்லூரியின் விதிமுறை. புதிய வகை ஃப்ளூ உலகெங்கும் பரவும் காலத்தில் இதே விதிமுறை என்ன செய்யும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

இளைஞர்களைத் தாக்கிய காய்ச்சல்

ஒவ்வோர் ஆண்டும் வரும் ஃப்ளூ பெரும்பாலும் முதியவர்களின் உயிருக்குத்தான் ஆபத்தாகிறது. 2009-ல் வந்த எச்1என்1 என்னும் பன்றிக் காய்ச்சல் இதற்கு மாறாக இருந்தது. அதே போன்ற கிருமிகளை இளம் வயதில் சந்தித்திருந்த முதியவர்கள் பலரின் உடலில் ஓரளவு எதிர்ப்பு சக்தி இருந்தது. இளைஞர்களுக்கு அது இல்லை. அந்த ஆண்டு ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்றாக அறிவித்தது. 2010 ஆகஸ்ட் 10 அன்றுதான் அது முடிந்ததாகச் சொன்னது. முதல் ஓராண்டில் உலகம் முழுவதும் 1,51,700 முதல் 5,75,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பின்னர் கணக்கிட்டது. அவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள்.

அதனால் கல்லூரிகள் அப்போது முன்வரிசையில் நின்றன. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் 2009 ஏப்ரல் இறுதியிலேயே நோய் கண்டறியப்பட்டது. பிறகு அங்கு எடுத்த கணக்கெடுப்பில், பதிலளித்த மாணவர்களில் 10 சதவீதம் பேரும், ஆசிரியர்கள், ஊழியர்களில் 5 சதவீதம் பேரும் ஃப்ளூ போன்ற காய்ச்சல் வந்ததாகச் சொன்னார்கள்.

ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல்மன் வளாகத்தில் வகுப்புகள் தொடங்கின. ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குள் சுமார் 2,000 மாணவர்கள் காய்ச்சல், இருமல் என்று பல்கலைக்கழக மருத்துவ மையத்தைத் தொடர்புகொண்டார்கள். பெரும்பாலோருக்கு லேசான நோய்தான். ஆனால் செப்டம்பரில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இந்தக் காய்ச்சலின் பாதிப்பால் இறந்தார். 'லேசான நோய்' என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது என்பதை அந்த மரணம் உணர்த்தியது.

கல்லூரியில் ஏன் இவ்வளவு வேகம்?

ஃப்ளூ கிருமி உடலுக்குள் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சலாக வெளிப்படும். பெரும்பாலும் இரண்டு நாட்கள். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவரிடமிருந்து பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். பிறகும் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரவும்.

விடுதி வாழ்க்கையை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே அறையில் மூன்று நான்கு கட்டில்கள், பொதுக் குளியலறை, ஒரே மெஸ், ஒரே தண்ணீர் டம்ளர். நம் மதரஸா விடுதிகளில் ஒரே சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து உண்பதும் உண்டு. அன்பை வளர்க்கும் அழகான பழக்கம்தான். காய்ச்சல் காலத்தில் மட்டும் ஆளுக்கொரு தட்டு என்று மாற்றிக்கொள்வதே நல்லது.

கல்லூரியை மூடிவிடலாமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். ஆனால் விடுதியைத் திடீரென்று மூடினால், நோய் உள்ளே புகுந்தும் இன்னும் காய்ச்சல் வராத மாணவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறிப் பல ஊர்களுக்குப் போவார்கள். வீட்டில் வயதான பாட்டியும் கர்ப்பிணியான அக்காவும் இருப்பார்கள். ஒரு வளாகத்தில் இருந்த நோய் நூறு வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

அதனால்தான் 2009 ஆகஸ்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கல்லூரிகளுக்குத் தந்த வழிகாட்டுதல், நோயின் கடுமை கூடாதவரை வகுப்புகள் நடக்கட்டும், நோயாளி மட்டும் ஒதுங்கி இருக்கட்டும் என்றது. காய்ச்சல் மாத்திரை போடாமலேயே காய்ச்சல் விட்டு, அதன்பின் 24 மணி நேரம் கடந்த பிறகே அவர் வெளியே வரவேண்டும். வீடு பக்கத்தில் இருந்தால் சொந்த வாகனத்தில் போகலாம்; பொதுப் போக்குவரத்தில் போகக்கூடாது.

ஒதுங்கி இருக்க வழி வேண்டும்

'அறையிலேயே இரு' என்று சுற்றறிக்கை ஒட்டுவது எளிது. பசித்தால் என்ன செய்வது? மெஸ்ஸுக்குத்தான் நடப்பார். வருகைப் பதிவு போகும் என்றால் வகுப்புக்குத்தான் போவார். எனவே ஒதுங்கி இருக்கத் தேவையானதை நிர்வாகம் செய்துதர வேண்டும்.

அந்த வழிகாட்டுதலில் இரண்டு விஷயங்கள் நம் கவனத்துக்குரியவை. ஒன்று, நோயாளிக்கு உணவும் பாடக் குறிப்பும் கொண்டுவந்து தர ஒரு நண்பரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது. இரண்டு, விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்காமல் இருப்பது. சான்றிதழுக்காகவே நூறு மாணவர்கள் மருத்துவமனை வரிசையில் நின்றால், உண்மையில் மூச்சுத் திணறுபவரைக் கவனிக்க மருத்துவருக்கு நேரம் எங்கே இருக்கும்?

புல்மனில் தெர்மாமீட்டர், வலி மாத்திரை, தொண்டைக்கான மிட்டாய், கை சுத்தம் செய்யும் திரவம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் காலியாக இருந்த ஒரு விடுதிக் கட்டடத்தையே காய்ச்சல் வந்த மாணவர்களுக்கு ஒதுக்கியது. நம் கல்லூரிகளில் தனிக் கட்டடம் கிடைக்காது. ஒவ்வொரு விடுதியிலும் இரண்டு மூன்று அறைகளையாவது, கூடுமானால் தனிக் கழிப்பறையோடு, ஒதுக்கி வைக்க முடியும்.

தடுப்பூசி வருவதற்கு முன்

2009-ல் புதிய தடுப்பூசி அக்டோபரில்தான் அமெரிக்காவில் கிடைக்கத் தொடங்கியது. கல்லூரிகளோ ஆகஸ்டிலேயே திறந்துவிட்டன. புதிய கிருமி வரும்போதெல்லாம் இப்படி ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் நம் கையில் இருப்பது எளிய பழக்கங்கள்தான்.

அவை பலன் தருமா? மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் 2006-07 ஃப்ளூ பருவத்தில் 1,400-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. முகக்கவசமும் கை சுத்தமும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களிடம், நான்காம் வாரம் முதல் ஃப்ளூ போன்ற காய்ச்சல் 35 முதல் 51 சதவீதம் வரை குறைவாக இருந்தது. முகக்கவசம் மட்டும் அணிந்தவர்களிடம் உறுதியான பலன் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், சில வாரங்கள் விடாமல் தொடரவும் வேண்டும் என்பதே இதில் நமக்குக் கிடைக்கும் பாடம்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

பெரும்பாலோருக்கு ஓய்வும், தண்ணீரும், கஞ்சியும், அளவான பாராசிட்டமாலும் போதும். 19 வயது வரை உள்ளவர்களுக்கு ஃப்ளூ காலத்தில் ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. கீழ்க்கண்டவை தெரிந்தால் இரவு என்றும் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்:

- மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
- குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத மயக்கம்
- நிற்காத வாந்தி
- குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறி, இருமலும் அதிகமாவது

ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் தொடங்கியதுமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும், "ராத்திரி பஸ் ஏறி வந்துடு" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். பாசத்தில் சொல்வது. ஆனால் காய்ச்சலோடு எட்டு மணி நேரப் பயணம் பிள்ளைக்கும் நல்லதல்ல, பக்கத்து இருக்கைக்காரருக்கும் நல்லதல்ல. அறை நண்பரின் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு எப்படி இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறானா என்று காலையும் மாலையும் விசாரியுங்கள்.

கல்லூரி நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன், காய்ச்சல் கால விடுப்பு வருகைப் பதிவைப் பாதிக்காது என்று ஒரே ஒரு வரி விதிமுறையில் சேருங்கள். காய்ச்சலோடு ஒரு மாணவர் வகுப்புக்குக் கிளம்பும் காலையில், அந்த ஒரு வரி அவரையும் காப்பாற்றும், அவர் அறையில் இருக்கும் மற்ற மூவரையும் காப்பாற்றும். இன்ஷா அல்லாஹ்.