இலக்கறிந்து செல்லும் மருந்து

மார்புப் புற்றுநோய் என்பது பல நோய்களுக்குப் பொதுவாக இட்ட பெயர். இவ்வுண்மையை மருத்துவ உலகுக்குத் தெளிவாக உணர்த்திய மருந்துகளுள் டிராஸ்டுசுமாப் தலைசிறந்ததெனலாம். 'ஹேர்செப்டின்' என்பது அதன் வணிகப் பெயர்.

கலங்களின் மேற்பரப்பில் 'ஹேர்-2' என்னும் புரதமொன்றுண்டு. வளர்க, பெருகுக என்னும் ஏவலைக் கலத்தினுள்ளே செலுத்துவது அதன் தொழில். அதனை ஆக்கும் பரம்பரையலகு இயல்பான கலத்தில் இரு படிகளாக இருக்கும். 1987ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து டெனிஸ் சிலேமன் குழுவினர் 189 மார்புக் கட்டிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 30 சதவீதமானவற்றில் அப்படிகள் பன்மடங்காகப் பெருகியிருக்கக் கண்டனர். (பிற்கால ஆய்வுகள் 15 முதல் 20 சதவீதம் எனக் கூறும்.) அத்தகைய கட்டியுடையோர்க்கு நோய் விரைந்து மீள்வதும் ஆயுள் குறுகுவதும் புலனாயின. ஆயுட்குறைவுக்கு அறிகுறியாய் நின்ற அப்புரதமே பின்னர் மருந்துக்கு இலக்காயிற்று.

அதனைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி முதலில் எலியிலிருந்து பெறப்பட்டது. எலிப்புரதத்தை மனிதவுடல் அயற்பொருளெனக் கண்டு எதிர்க்குமாதலின், ஜெனென்டெக் நிறுவனத்து அறிஞர் பற்றும் பகுதியை மாத்திரம் வைத்துக்கொண்டு எஞ்சியதை மனிதப் புரதமாக மாற்றியமைத்தனர். மருந்து சென்று பற்றியதும் வளர்ச்சி ஏவல் தடைப்படுகின்றது. உடலின் காவற்கலங்களும் அக்கலத்தைப் பகையென உணர்ந்து தாக்குகின்றன. 1998 செப்டெம்பரில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கிற்று.

இதனால் விளைந்த பயன் யாது? 2001இல் வெளியான ஆய்வில், நோய் உடலெங்கும் பரவிய 469 பெண்கள் பங்குபற்றினர். வழக்கமான மருந்துகளை மட்டும் பெற்றோருள் சரிபாதியினர் 20.3 மாதங் கடந்து வாழ்ந்தனர். இதனையுஞ் சேர்த்துப் பெற்றோருள் சரிபாதியினர் 25.1 மாதங் கடந்து வாழ்ந்தனர். ஐந்து மாதந்தானா என வினவுவாருளர். முதற்பிரிவினருட் பலருக்கும் நோய் முற்றியபின் இம்மருந்து வழங்கப்பட்டமையை அவர் நோக்கிலர். அன்றியும், பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கு ஐந்து மாதம் சிறிதன்று.

ஆயினும் குறையுமுண்டு. இதயத்தசைக் கலங்களுக்கும் ஹேர்-2 வேண்டும். ஆந்திரசைக்கிளின் வகை மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டோருள் நாலிலொரு பங்கினருக்கு மேற்பட்டோரின் இதயம் நலிவுற்றது. ஆதலின் இதயத்தைச் சோதித்தே இம்மருந்து கொடுக்கப்படுகின்றது.

பெர்டுசுமாப் என்னும் இரண்டாவது பிறபொருளெதிரியையும் உடன்சேர்த்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. அதிற் சரிபாதியினர் 56.5 மாதங் கடந்து வாழ்ந்தனர். அது சேராதார்க்கு அவ்வெல்லை 40.8 மாதம். பின்னர் டிராஸ்டுசுமாப்பின்மேல் நச்சு மருந்தை ஏற்றிக் கலத்தினுள்ளே இறக்கும் உபாயமும் தோன்றிற்று. அவ்வகையிலான டெருக்ஸ்டெக்கான் 2019இல் அனுமதி பெற்றது. ஹேர்-2 சிறிதளவே உள்ள கட்டிகளுக்கும் அது பயன்படுமென 2022இல் நிறுவப்பட்டமையால், முன்னர் இவ்வகை மருந்துக்குரியரல்லர் என விலக்கப்பட்ட பெண்களுட் பலரும் இன்று அதனைப் பெறுகின்றனர்.