விட்டு விட்டு வரும் கியர்க் கோளாறு
பழைய ஆட்டோமாட்டிக் காரில் காரணம் காணும் முறை

ஓர் இயந்திரத்தில் நிலையாக நின்றுவிட்ட பழுதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. தோன்றித் தோன்றி மறையும் பழுதே தொல்லை தருவது. காலையில் கியர் மாற மறுத்த கார், பட்டறைக்குக் கொண்டு சென்றதும் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. திரும்பி வரும் வழியில் மீண்டும் அடம்பிடிக்கிறது. உரிமையாளருக்கு எரிச்சலும் மெக்கானிக்குக் குழப்பமும் உண்டாகின்றன. முடிவில் "பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடலாம்" என்ற யோசனை பிறக்கிறது. பல சந்தர்ப்பங்களில் இது தேவையற்ற செலவாகவே முடிகிறது. காரின் விற்பனை விலைக்கு நிகரான தொகை கியர்ப் பெட்டிக்குச் செலவான பின்னரும், பழைய கோளாறு அப்படியே இருப்பதுண்டு.

முறைக்காய்ச்சல் கண்டவரைப் பார்க்கும் வைத்தியர், காய்ச்சல் எந்த நாளில், எந்த நேரத்தில் வருகிறது என்பதை முதலில் விசாரிக்கிறார். காருக்கும் இதே முறை பொருந்தும். விட்டு விட்டு வரும் பழுது மனம்போனபடி வருவதில்லை. அது ஏதேனும் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டே வருகிறது. வெப்பம், ஈரம், அதிர்வு, ஏற்றம், மின்னழுத்தம் ஆகியவற்றுள் ஒன்று குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும்போது பழுது வெளிப்படுகிறது; அந்த எல்லைக்குள் வந்ததும் மறைகிறது. அந்த நிபந்தனையைக் கண்டுபிடிப்பதே பரிசோதனையின் முதற்படியாகும்.

சித்தூர் மாவட்டத்து ராமகுப்பம் போன்ற வட்டாரங்களில் இவ்விஷயம் தனி முக்கியத்துவம் பெறுகிறது. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கும் மேட்டுநிலம் அது. அங்கிருந்து வேலூர்ப் பக்கம் செல்வோர் வி.கோட்டையை அடைந்து, பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்கிப் பேரணாம்பட்டுக்கு வருகின்றனர். அருகிலுள்ள கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயத்தைச் சார்ந்த காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. இருட்டிய பின் இத்தகைய பாதையில் கார் நகர மறுத்தால் அது வெறும் அசௌகரியமாக நின்றுவிடாது. இடது கால் ஊனமுற்றவர்கள் பலர் கிளட்ச் மிதி இல்லாத காரை நம்பியே வேலைக்குச் சென்று வருகின்றனர். அவர்களுக்கு இப்பழுது அன்றாடப் பிழைப்பையே பாதிப்பதாகும்.

கியர் தானாக மாறுவது எவ்வாறு?

தானாகக் கியர் மாற்றும் அமைப்பு புதியதன்று. சுழலும் திரவத்தின் வழியே சக்தியை ஒரு சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செலுத்தும் கருவிக்கு ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்றார். கப்பல்களுக்காக அவர் எண்ணிய அந்தக் கருவியிலிருந்தே இன்றைய டார்க் கன்வெர்ட்டர் வளர்ந்தது. பெருமளவில் விற்பனையான முதல் முழு ஆட்டோமாட்டிக் கியர்ப் பெட்டி, 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ராமாட்டிக் ஆகும். இந்தியாவில் 1990-களில் மாருதி ஜென் காரின் ஒரு வகை ஆட்டோமாட்டிக் பெட்டியுடன் விற்கப்பட்டது.

இவ்வகைப் பெட்டியில் நான்கு பகுதிகளை அறிந்துகொண்டால் போதுமானது. முதலாவது டார்க் கன்வெர்ட்டர். இது எஞ்சினின் சுழற்சியை எண்ணெயின் வழியாகப் பெட்டிக்குக் கடத்துகிறது. இரண்டாவது கிரகப் பல்சக்கரத் தொகுதி. நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள், சூரியனைச் சுற்றும் கிரகங்களைப் போல், சுழல்கின்றன. தொகுதியின் ஓர் உறுப்பைப் பிடித்து நிறுத்தி மற்றொன்றை விடுவித்தால் கியர் விகிதம் மாறும். மூன்றாவது, அவ்வாறு பிடிக்கவும் விடவும் உதவும் கிளட்ச் தகடுகளும் பட்டைகளும். நான்காவது, அவற்றுக்கு எண்ணெய் அழுத்தத்தை அனுப்பும் வால்வுத் தொகுதி. மிகப் பழைய வண்டிகளில் வால்வுகளை வேகத்திற்கேற்ப இயங்கும் கவர்னரும், ஆக்ஸிலரேட்டருடன் இணைந்த கேபிளும் இயக்கின. பின்வந்த வண்டிகளில் ஒரு சிறு கம்ப்யூட்டர், சாலினாய்டு எனப்படும் மின்காந்த வால்வுகளின் மூலம் இவ்வேலையைச் செய்கிறது.

ஆகவே கியர் சரியாக மாறுவதற்கு மூன்று தேவைகள் உண்டு: போதிய எண்ணெய் அழுத்தம், சரியான மின்கட்டளை, தேயாத உறுப்புகள். இவற்றுள் முதலிரண்டையும் பெட்டியைப் பிரிக்காமலே பரிசோதிக்கலாம். மூன்றாவதை இறுதியில் பார்ப்பதே முறை.

குறிப்பேடு

காரில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது முதல் வேலை. பழுது தோன்றும் ஒவ்வொரு முறையும், காரை நிறுத்திய பின், ஆறு விவரங்களை அதில் எழுத வேண்டும்: கிளம்பி எத்தனை நிமிடம் ஆயிற்று, எஞ்சின் வெப்பமுள் எங்கே நின்றது, சாலை ஏற்றமா, சமமா, வளைவா, வேகம் எவ்வளவு, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருந்தது, மழை, முகப்பு விளக்கு, குளிர்சாதனம் ஆகியவற்றுள் எவை இருந்தன. பழுது தோன்றாத பயணங்களையும் குறித்தல் அவசியம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வேறுபாடு புலப்படும். பத்துப் பதினைந்து பதிவுகள் சேர்ந்ததும் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

காலையில் கிளம்பும்போது மட்டும் கியர் விழத் தாமதமாகி, சூடேறியதும் சரியானால், கெட்டிப்பட்டுச் சுருங்கிய ரப்பர் சீல்கள் அல்லது ஒட்டிக்கொள்ளும் வால்வின் மேல் சந்தேகம் எழவேண்டும். குளிர்ந்தபோது நன்றாக இருந்து, ஒரு மணி நேர ஓட்டத்திற்குப் பின் கெட்டால், வெப்பத்தால் நீர்த்த எண்ணெய், தேய்ந்த பம்ப், சூட்டில் தொடர்பு விடும் சாலினாய்டு ஆகியவை காரணமாகலாம். ஏற்றத்திலும் வளைவிலும் மட்டும் தோன்றினால் எண்ணெய் குறைந்திருக்கக்கூடும்; பெட்டி சாயும்போது பம்பின் வாய் எண்ணெயை விட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. மழைக்குப் பின் வந்தால் கனெக்டரில் நீர் புகுந்திருக்கலாம். குண்டுங்குழியுமான சாலையில் வந்தால் உரசித் தேய்ந்த ஒயரையோ, தளர்ந்த இணைப்பையோ தேட வேண்டும்.

எண்ணெயின் சாட்சியம்

அடுத்தது எண்ணெய்ப் பரிசோதனை. அநேக வண்டிகளில் எண்ணெய் நன்றாகச் சூடேறிய பின், சமதரையில், கைப்பிரேக் போட்டு, கால்பிரேக்கையும் அழுத்தியபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, மீண்டும் பார்க்கிங் நிலைக்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். சில கம்பெனிகளின் வண்டிகளில் எஞ்சினை நிறுத்தியவுடன் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கே இல்லாத பெட்டிகளும் உண்டு. வண்டியின் கையேடு கூறுவதே இதில் முடிவானது.

அளவோடு நிறமும் மணமும் கவனிக்கத்தக்கவை. ஏ.டி.எஃப். எனப்படும் இவ்வெண்ணெய் வழக்கமாகச் செந்நிறமானது. கறுத்துக் கருகல் வாடை வீசினால் கிளட்ச் தகடுகள் வழுக்கி எரிந்துள்ளன என்று கொள்ளலாம். பால்போல் வெளுத்திருந்தால், ரேடியேட்டருக்குள் அமைந்த எண்ணெய்க் குளிர்விப்பானில் ஓட்டை விழுந்து நீர் கலந்திருக்கிறது. அந்நிலையில் காரை ஓட்டலாகாது. நுரைத்திருந்தால் எண்ணெய் மிகுதியாகவோ குறைவாகவோ இருக்கலாம். குறைவு எவ்வளவு தீமையோ, மிகுதியும் அவ்வளவு தீமையே. சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து காற்றைக் கலந்துவிடுகின்றன. காற்றுக் கலந்த எண்ணெய் அழுத்தத்தை ஒழுங்காகக் கடத்தாது.

எண்ணெயின் வகையும் முக்கியமானது. ஒரு காலத்தில் இவ்வெண்ணெயில் கிளட்சின் பிடிப்பைச் சீராக்க ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திமிங்கிலப் பாதுகாப்புச் சட்டங்களால் அது நின்றபின், அதற்கு ஈடான வேதிப் பொருள்களைக் கண்டறிய வேண்டியதாயிற்று. எண்ணெய் இங்கே உராய்வைக் குறைப்பதோடு, கிளட்ச் எந்த அளவு வழுக்கிப் பின் பிடிக்க வேண்டும் என்பதையும் நிர்ணயிக்கிறது. 2003-இல் வெளிவந்த ஹோண்டா சிட்டி போன்ற சி.வி.டி. வண்டிகளுக்கு அவற்றுக்குரிய எண்ணெயையே ஊற்ற வேண்டும். கடையில் கிடைத்ததை ஊற்றினால் புதுக் கோளாறே விளையும்.

மின்சாரத்தின் பங்கு

எண்ணெய் சரியாக இருப்பின் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். விட்டு விட்டு வரும் பழுதுகளில் பல இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. சக்கர வேகத்தையும் ஆக்ஸிலரேட்டரின் நிலையையும் அறிவிக்கும் சென்சார்கள் தவறான செய்தி அனுப்பினால், கம்ப்யூட்டர் தவறான கட்டளை இடும். செய்தி முற்றிலும் நின்றால், பெட்டியைக் காக்கும் பொருட்டு ஒரே கியரில் நிறுத்திவிடும். அப்போது கார் மந்தமாக நகரும். எஞ்சினை நிறுத்தி மீண்டும் ஓட்டினால் சரியானது போல் தோன்றும். பெட்டி கெட்டுவிட்டது என்று பலர் தவறாக முடிவு செய்வது இந்நிலையைக் கண்டுதான்.

பாட்டரியின் அழுத்தத்தை முதலில் அளக்க வேண்டும். ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் இருத்தல் நலம். அடுத்து எர்த் கம்பி. துருப்பிடித்த எர்த் இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது ஒரு வோல்ட் அங்கேயே இழக்கப்படுகிறது. முகப்பு விளக்கும் மின்விசிறியும் சேர்ந்து ஓடும் இரவில் பழுது தோன்றிப் பகலில் மறைவதற்கு இது ஒரு காரணம். எஞ்சின் ஓடும்போது, பாட்டரியின் எதிர்முனைக்கும் கியர்ப் பெட்டியின் உலோகத்துக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்து இந்த இழப்பை அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்க வேண்டும். செலவில்லாத இந்த வேலையோடு பழுது நீங்குவதும் உண்டு.

வெப்பத்தின் விளைவை வகுப்பறைக் கணக்காகவும் காட்டலாம். செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் அதிகரிக்கிறது. 30 பாகையில் 14 ஓம் உள்ள சாலினாய்டுச் சுருள், 90 பாகையில் சுமார் 17 ஓம் ஆகிறது. இது இயல்பானதே. ஆனால் மீட்டர் திடீரென எல்லையற்ற தடையைக் காட்டினால், சுருளிலோ அதன் பற்றவைப்பிலோ மயிரிழை விரிசல் உள்ளது. சூட்டில் உலோகம் விரியும்போது தொடர்பு அறுகிறது. ஆதலால் குளிர்ந்த சாலினாய்டை மட்டும் அளந்து "நன்றாயிருக்கிறது" என்று கூறுவது அரைப் பரிசோதனையே. கார் நின்றவுடன், சூடு ஆறுமுன் மீண்டும் அளக்க வேண்டும். ஒருவர் மீட்டரைக் கவனிக்க, மற்றொருவர் ஒயர்களை மெல்ல அசைத்துப் பார்ப்பதும் பயனுள்ள முறை.

வண்டிகளில் பழுதறியும் மின்னணு அமைப்பு இந்தியாவில் 2010-க்குப் பின்னரே படிப்படியாகக் கட்டாயமாயிற்று. அவ்வமைப்புள்ள கார்களில் ஸ்கேனரை இணைத்தால் பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம். பி0715 என்பது உள்வரும் சுழற்சியை அளக்கும் சென்சாரின் மின்சுற்றையும், பி0720 வெளிச்செல்லும் சுழற்சியை அளக்கும் சென்சாரின் மின்சுற்றையும் குறிக்கும். குறியீடு சுட்டுவது ஒரு மின்சுற்றையே, கெட்ட உறுப்பையன்று. சென்சாரை மாற்றுமுன் அதன் ஒயரையும் கனெக்டரையும் பார்ப்பது சிக்கனம்.

பெட்டிக்கு வெளியே உள்ள காரணங்கள்

எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் போதிய சூடு பெறாது. கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த எஞ்சின் என்று கருதிப் பல வண்டிகளில் மேல் கியரை அனுமதிக்காது. பிரேக் விளக்கின் சுவிட்சு கெட்டால் லீவர் பார்க்கிங் நிலையிலிருந்து நகர மறுக்கலாம். கேபிளால் இயங்கும் பழைய பெட்டிகளில், கேபிள் நீண்டுவிட்டால் கியர் மாறும் தருணமே பிசகும். சில ரூபாயில் தீரும் இவற்றைப் பாராமல் பெட்டியை இறக்குவது பொருந்தாது.

2014-இல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவுக்கு வந்த ஏ.எம்.டி. வகை வேறானது. அது சாதாரணக் கியர்ப் பெட்டியே. கிளட்சையும் லீவரையும் மனிதருக்குப் பதில் ஓர் இயக்கி கையாளுகிறது. அதில் டார்க் கன்வெர்ட்டர் இல்லை. அங்கே பாட்டரி, இயக்கியின் எண்ணெய், கிளட்ச் தேய்மானம் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

மலைப்பாதையில் எச்சரிக்கை

காரணம் தெரியும் வரை அந்தக் காரை மலைப்பாதையில் ஓட்டாதிருப்பதே நல்லது. ஓட்ட நேரின், இறக்கத்தில் லீவரைக் கீழ் கியரில் வைத்து எஞ்சினின் பிடிப்பையும் பயன்படுத்த வேண்டும். நியூட்ரலில் உருட்டிச் செல்லலாகாது. இறக்கத்தில் கியர் திடீரென விடுபட்டால் காலால் பிரேக்கைச் சீராக அழுத்தி ஓரத்தில் நிறுத்த வேண்டும். கார் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வது வீண். கட்டி இழுக்கும்போது ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளலாகாது. பெட்டியின் எண்ணெய்ப் பம்ப் எஞ்சின் ஓடும்போது மட்டுமே இயங்குவதால், உள்ளுறுப்புகள் எண்ணெயின்றித் தேய்ந்துவிடும். முன்சக்கர இயக்கக் காராயின் முன்பக்கத்தைத் தூக்கியே இழுக்க வேண்டும்.

பரிசோதனையின் போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். எண்ணெய், பாட்டரி, சென்சார் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிப் பழுது நீங்கினாலும், எது காரணம் என்பது தெரியாது. மீண்டும் வந்தால் முதலிலிருந்து தொடங்க நேரும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும், பழுது வழக்கமாகத் தோன்றும் அதே நிபந்தனையில் காரை ஓட்டி, முடிவைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இவை யாவும் முடிந்த பின்னும் பழுது நீடித்து, எண்ணெயில் கருகலும் உலோகத் துகளும் காணப்பட்டால், பெட்டியைப் பிரிப்பது நியாயமே. அப்போது அக்குறிப்பேடு மெக்கானிக்கின் கையில் பாதி வேலையை முடித்ததற்குச் சமமாகும்.