68 மூட்டு சரி, 66 மூட்டு ஏன்? சொரியாசிஸ் மூட்டுவாதத்தை அளக்கும் கதை தெரியுமா?

சொரியாசிஸ் வந்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை மூட்டுவாதத்துக்கும் ஆளாகலாம். தெரியுமா? பெரும்பாலும் முதலில் தோலில் செதில் கிளம்பும். பல ஆண்டுகள் கழித்து மூட்டைப் பிடிக்கும். சிலருக்கு விரல் கணு மட்டுமல்ல, விரல் முழுக்கவே வாழைப்பழம்போல உப்பிவிடும். குதிகாலில் தசைநாண் எலும்போடு சேரும் இடம் வலிக்கும். நகத்தில் குழி குழியாக விழும். தோலில் படை கொஞ்சமாக இருப்பதால் மூட்டும் தப்பித்தது என்று நம்பிவிட முடியாது!

டாக்டர் இதை எப்படி அளக்கிறார்? 68 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, வலிக்கிறதா என்று பார்ப்பது ஒரு முறை. ஆனால் வீக்கம் பார்ப்பது 66 மூட்டுகளில்தான். மீதி இரண்டு? இடுப்பு மூட்டுகள்! அவை சதைக்குள் ஆழப் புதைந்திருப்பதால் வீங்கினாலும் கைக்கு அகப்படாது. தோலுக்கோ 1978-லேயே 0 முதல் 72 வரை போகும் 'பாசி' மதிப்பெண் வந்துவிட்டது.

சரி, அரைக்கைச் சட்டை போடக் கூசுவதை எந்த விரலால் அழுத்திப் பார்ப்பது? பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஆண்ட்ரூ ஃபின்லே என்ற தோல் மருத்துவர், குல் கான் என்பவருடன் சேர்ந்து 1994-ல் வெறும் 10 கேள்விகளில் அதற்கு வழி செய்தார். போன ஒரு வாரத்தில் அரிப்பு எவ்வளவு, கூச்சம் எவ்வளவு, உடுத்தும் உடையை நோய் மாற்றியதா, தாம்பத்தியம் பாதித்ததா... மொத்தம் 30 மதிப்பெண். 10-ஐத் தாண்டினாலே வாழ்க்கை மிக மோசமாக அடிபட்டிருக்கிறது என்று பொருள். ஒரு குறையும் உண்டு. விளையாட்டுப் பக்கமே போகாதவர் 'எனக்குப் பொருந்தாது' என்று குறித்தால் விளையாட்டைப் பற்றிய கேள்விக்கு 0. அவருக்குத் துன்பம் குறைவு என்று ஆகிவிடுமா என்ன? இன்னொரு ஆச்சரியம்: 2007-ல் அதே கார்டிஃபில், நோயாளியோடு வாழும் குடும்பத்தார் படும் பாட்டை அளக்கவே தனியாக 10 கேள்விகள் பிறந்தன!

தோலோடு மூட்டும் சேர்ந்து வாட்டுகிறவர்களுக்கு 2004-ல் 20 கேள்விகள் கொண்ட தனிப் படிவம் வந்தது. அதன் வாசகங்கள் நோயாளிகளிடம் எடுத்த பேட்டிகளிலிருந்து உருவானவை.

எனக்கு மிகவும் பிடித்தது 2014-ல் ஐரோப்பாவில் வெளியான 'PsAID' படிவம்தான். எதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்வதில் நோயாளிகளே பங்காளிகள்! எது முக்கியம் என்று 139 நோயாளிகள் வரிசைப்படுத்தினார்கள். 13 நாடுகளில் 474 பேரிடம் சோதித்தார்கள். முதலிடம் எதற்கு? வலிக்கு. அடுத்து தோல் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, அசதி! காலையில் எழும்போதே உடம்பை அடித்துப் போட்டதுபோல இருக்கும் அந்தக் களைப்பு எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. தோல் அதற்கும் பிறகுதான். 12 கேள்விகள் கொண்ட வடிவத்தில் வலியின் மதிப்பெண்ணை 3-ஆல் பெருக்குகிறார்கள். அசதி, தோல், வேலை, தூக்கம் போன்றவற்றை 2-ஆல். பதற்றம், வெட்கம், மனச்சோர்வு போன்றவற்றை 1-ஆல். கூட்டி 20-ஆல் வகுத்தால் 10-க்கு எவ்வளவு என்று கிடைத்துவிடும். 4-க்குக் கீழே இருந்தால், நோயாளி சமாளிக்கக்கூடிய நிலையில் இருக்கிறார் என்று கொள்கிறார்கள்.

இதையும் கேளுங்கள். நோய் நன்றாக அடங்கிவிட்டது என்று சொல்ல 2010-ல் 7 நிபந்தனைகள் வகுத்தார்கள். அவற்றில் 5 நிறைவேற வேண்டும். வலிக்கும் மூட்டு, வீங்கிய மூட்டு, தோல், தசைநாண் சேரும் இடங்கள் என்று டாக்டர் பரிசோதித்துச் சொல்பவை 4. வலி எவ்வளவு, மொத்தத்தில் எப்படி இருக்கிறது, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று நோயாளியே சொல்பவை 3. கணக்குப் போட்டுப் பாருங்கள்! டாக்டர் பக்கத்து நான்கும் நிறைவேறினாலும் 5 வராது. நோயாளி சொல்லும் பதில்களில் ஒன்றாவது சேர்ந்தே ஆகவேண்டும்!