மாம்பழச் சாலை மாங்காயும் உறையூர் மீன் குழம்பும்



இந்தத் தடவை நான் சமையல் பற்றி எழுதப் போறேன். "பையன் போய் சமையல் எழுதறானே!" என்று சிரிக்கிறவங்க, கடைசி வரை படிச்சிட்டுச் சிரிங்க.

நாங்க ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருக்கோம். வீடு பார்க்க வந்த அன்றே, "அசைவம் மட்டும் சமைக்க வேண்டாம்" என்று வீட்டுக்கார மாமி சொல்லிட்டாங்க. அம்மாவும் சரின்னாங்க. அதனால் எங்களுக்கு மீன் குழம்பு என்றாலே ஞாயிற்றுக்கிழமை, உறையூர், அப்பாயி வீடு என்றுதான் அர்த்தம்.

2021-ல் அப்பாயிக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் போயிடுச்சு, இருமல் போயிடுச்சு. மூக்கு மட்டும் திரும்பி வரல. பூ வாசம், சாம்பிராணி வாசம், அடி பிடிச்ச வாசம் எதுவுமே தெரியல. அப்படியும் சமைச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு நாள் கரண்ட் போய், பிரிட்ஜில் வைத்திருந்த மீன் கெட்டுப் போயிருந்தது. அது தெரியாமல் குழம்பு வைத்துவிட்டார்கள். தட்டில் ஊற்றியதும் நாங்க எல்லோரும் மூக்கைச் சுளித்தோம். அப்பாயி எங்க முகத்தைப் பார்த்தாங்க. ஒன்றும் பேசாமல் சட்டியை எடுத்துப் போய்க் கொட்டிட்டு வந்தாங்க. "இனிமே என்னை அடுப்புக்கிட்ட கூப்பிடாதீங்க சாமி" என்றார்கள். அன்றைக்குப் பிறகு சாப்பிடுவதும் பாதியாகிவிட்டது. "வெறும் வெந்நீர் குடிக்கிற மாதிரி இருக்குய்யா" என்பார்கள்.

ருசி நாக்கிலா, மூக்கிலா?

இதை அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஒரு சோதனை சொன்னார். நீங்களும் செய்து பாருங்க. மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் சீரகத்தை மெல்லுங்க. ஏதோ உமியை மெல்வது போல இருக்கும். இப்போ மூக்கை விடுங்க. சட்டென்று சீரகம் வந்துவிடும்!

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி எனும் இறைச்சிச் சுவை, இவ்வளவுதான். காரம் சுவையே இல்லை. அது ஒரு வகை எரிச்சல் உணர்வு. மற்றதெல்லாம் வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசனை. மூக்கின் உள்ளே வாசனை அறியும் நரம்பு செல்களுக்குத் துணையாகச் சில செல்கள் உண்டு. கொரோனா கிருமி முக்கியமாகத் தாக்குவது அந்தத் துணை செல்களைத்தான். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வாசனை திரும்பிவிடும். சிலருக்கு வருவதில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. அப்பாயியின் மூக்குதானே போச்சு? நாக்கு இருக்கே! நாக்குக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சாப்பாடு செய்தால் என்ன?

மாமி கொடுத்த வழி

வீட்டுக்கார மாமியிடம் இதைச் சொன்னேன். மாமி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "மாங்காய்ப் பச்சடி பண்ணிக் கொடுடா. சித்திரை முதல் நாள் பண்றோமே, அதான்" என்றார்கள். வெல்லம் இனிப்பு, மாங்காய் புளிப்பு, வேப்பம்பூ கசப்பு, மிளகாய் காரம், கூட உப்பு. எல்லாமே நாக்கு வேலை! மீனே சாப்பிடாத மாமி, மீன் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள எனக்குப் பச்சடி கற்றுக் கொடுத்தார்கள்.

செய்முறை இதுதான். பெரிய கிளிமூக்கு மாங்காய் ஒன்றைத் தோல் சீவி, துண்டு போட்டு, அது மூழ்கும் அளவு தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புடன் வேக வைக்கணும். நன்றாகக் குழைந்த பிறகுதான் முக்கால் கப் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி ஊற்றணும். முதல் தடவை நான் அவசரப்பட்டு வெல்லத்தை முன்னாடியே போட்டுட்டேன். மாங்காய் கட்டை மாதிரி நின்னுடுச்சு. காய்களைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சர்க்கரை சேர்ந்தால் அது சீக்கிரம் இளகாதாம். கடைசியில் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், நெய்யில் கருக வறுத்த வேப்பம்பூ ஒரு ஸ்பூன் போட்டு இறக்கினால் முடிந்தது.

மீன் வாங்குவது

காசிவிளங்கி மீன் மார்க்கெட்டுக்கு அப்பாயியும் நானும் சேர்ந்து போனோம். நம்ம ஊரில் கடல் இல்லை. நாகப்பட்டினமே சுமார் 140 கிலோமீட்டர். கடல் மீன் ஐஸ் பெட்டியில்தான் வரும். அதனால் பார்த்து வாங்கணும். கண் பளபளவென்று புடைத்திருக்கணும், குழி விழுந்திருக்கக் கூடாது. செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்கணும். விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்பணும். கண்ணும் விரலும் அப்பாயியோடது. மூக்கு மட்டும் என்னுடையது. ஒவ்வொரு மீனையும் என் மூக்குக்கு நேரே நீட்டி, "சொல்லுய்யா" என்றார்கள்.

தெரிந்துகொள்ளுங்கள்: நம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக இந்தத் தடை. முதலில் 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 நாளாக்கினார்கள். காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மாம்பழச் சாலையில் பங்கனப்பள்ளியும் இமாம்பசந்தும் குவிந்து கிடக்கிற மாதங்களும் அவைதான்! அப்போது கடல் மீன் குறைவு, விலையும் அதிகம். ஏரி, ஆற்றுக் கெண்டை, ஜிலேபிதான் கைகொடுக்கும். ஜூன் பாதிக்கு மேல் சங்கரா வரத் தொடங்கும்போது மாம்பழமும் மிச்சம் இருக்கும். அந்தச் சில வாரங்களை விட்டுடாதீங்க.

குழம்பு

தேவையானவை: சங்கரா மீன் அரை கிலோ, சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல், தக்காளி 2, குழம்பு மிளகாய்த்தூள் 3 ஸ்பூன், மஞ்சள் தூள், வெந்தயம் கால் ஸ்பூன், கறிவேப்பிலை, நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி, கல் உப்பு. புளி எலுமிச்சை அளவு. மாங்காய்த் துண்டு போடுவதானால் அதில் பாதி போதும்.

மீனைக் கல் உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் கழுவணும். மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு, தக்காளி என்று வரிசையாக வதக்கி, தூள்களைப் போட்டு, புளிக்கரைசல், தண்ணீர், உப்பு சேர்த்துக் கொதிக்க விடணும்.

ஏன் இவ்வளவு புளி? கடல் மீன் பிடிபட்டுக் கொஞ்ச நேரமானதும் டிரைமெத்தில் அமீன் என்ற பொருள் அதில் உண்டாகும். மீன் நாற்றம் என்பது அதுதான். அது காரம், அதாவது பேஸ். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் அதோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும். வேதியியல் பாடத்தில் படிக்கிற நடுநிலையாக்கல்தான் சட்டிக்குள்ளேயும் நடக்குது! ஆற்று மீனில் வருகிற சேற்று வாடை வேறு. அது ஜியோஸ்மின், மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான அதே பொருள். அதையும் புளிப்பு குறைத்துவிடும்.

குழம்பு பதமாச்சா என்று வாசனையைப் பிடித்துத்தான் எல்லோரும் சொல்வார்கள். அப்பாயி காதைக் கொடுத்தார்கள். "சளசளன்னு சத்தம் கேட்டா இன்னும் தண்ணியா இருக்கு. பொதக் பொதக்குனு கேட்டா கெட்டியாயிடுச்சு. எண்ணெய் மேல நிக்குதா பாரு. இப்ப மீனைப் போடு" என்றார்கள். போட்ட பிறகு ஏழு எட்டு நிமிஷம்தான். கரண்டி போடவே கூடாது. ஆட்டுக்கறி போல மீனில் கெட்டியான இணைப்புத் திசு கிடையாது, சீக்கிரம் உதிர்ந்துவிடும். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் போதும்.

சாப்பிட்ட கதை

அன்று அப்பாயிக்கு நான்தான் பரிமாறினேன். முதலில் குழம்புச் சோறு. "காரம் தெரியுது, புளி தெரியுது" என்றார்கள், அவ்வளவுதான். பிறகு பச்சடியைத் தொட்டார்கள். சப்புக்கொட்டினார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். மிளகாயின் எரிச்சலை இனிப்பு குறைக்கும் என்பதால், குழம்பு ஒரு வாய், பச்சடி ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டாவது தடவை சோறு வாங்கினார்கள். அப்பா எழுந்து வாசல் பக்கம் போயிட்டார். கண்ணில் மிளகாய்த்தூள் பட்டுடுச்சாம்!

வாசனை இன்னும் வரவில்லை. டாக்டர் சொன்னபடி தினமும் காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பழகுகிறார்கள். கிராம்பு மட்டும் எப்போதாவது லேசாகத் தெரிகிற மாதிரி இருக்கிறதாம். ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பக்கம் அவர்களே வந்து உட்கார்ந்து கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் யாராவது "ருசியே தெரியல" என்று சொன்னால், வயசாயிடுச்சு, சும்மா சொல்றாங்க என்று விட்டுடாதீங்க. எது தெரியல, எது தெரியுது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. தெரிகிறதை வைத்துச் சமைங்க.

இப்போ சிரிக்கிறவங்க சிரிக்கலாம். பச்சடி கேட்டால் மட்டும் தர மாட்டேன்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவன்